உப்பு வணிகன் வீடு திரும்பிய ஞாயிறு

சாலிகிராமம் கோகிலம் ஃபிளாட்ஸின் முதல் மாடியில் நாற்பது வருடம் குடியிருந்தவரும், இருநூற்றுப் பதினான்கு படங்களில் கதாநாயகிகளைக் கடத்திக்கொண்டு போய்க் கடைசி ரீலில் தவறாமல் அடி வாங்கியவருமான வில்லன் நடிகர் வஜ்ரவேலு, செத்துப்போன பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, மூன்றாவது மாடியில் ஒரு காலி நாற்காலியிலிருந்து, "கழுதைக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் யாரும் கிளம்பிடாதீங்க" என்று சொன்னார்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஆச்சரியப்படவில்லை. மாத நாவல்கள் நானூறு எழுதிய நிலவரசு, தன் நோட்டில் 'கழுதை, தண்ணீர்' என்று குறித்துக்கொண்டார். பின்னணிப் பாடகி சுகந்தி பெஞ்சமின் எழுந்துபோய் ஃபேன் வேகத்தைக் குறைத்தார். நகைச்சுவை நடிகர் பல்டி ஷரீப், "அண்ணே, கொஞ்சம் சத்தமா பேசுங்க, சரியா கேக்கல" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்து, கைக்குட்டையைத் தேடினார்.

அந்த நால்வரும் பதினோரு வருடமாக அந்த மேஜையில் ஆடிவந்த ஆட்டம், நிலவரசு சிங்கப்பூரில் மச்சினன் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து ஆசைப்பட்டுப் பெட்டியோடு வாங்கி வந்தது. அதில் காய் கிடையாது, கட்டம் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள், வேஷக்காரர் 'நான் மதில் ஏறுகிறேன்' என்றால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும், பெரிய எண் விழுந்தால் ஏறினார், சின்ன எண் விழுந்தால் முதுகு உடைந்தது. டீக்கடையில் நின்றால் கூட்டம் கூடிவிடுகிற அந்த நாலு பேருக்கும், யாரும் பார்க்காமல், யாரும் 'கட்' சொல்லாமல், வாரத்தில் மூன்று மணி நேரம் வேறு யாராகவோ இருப்பதைப் போலச் சுகம் உலகத்தில் வேறு இல்லை.

ஆட்டத்தில் கண்டிப்பான விதி ஒன்றுதான். மேஜையில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் அது வேஷம் பேசியது, கதையில் நடந்தது நடந்ததுதான், திரும்ப வாங்க முடியாது. டீ வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், மருமகள் ஃபோன் செய்கிறாள் என்று சொந்த ஆளாகப் பேசவேண்டுமானால் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். தலையில் கை இருக்கிறவரைக்கும் அவர் பேசுவது கதைக்குள் இருப்பவர்கள் காதில் விழாது.

இந்த விதிதான் வஜ்ரவேலுவின் மனைவி புனிதவதிக்கு ஆகாமல் போனது. மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் அவள். குடியிருப்பே அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் ஆட்டம் அவள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. காபித் தட்டோடு வந்தவள், நாலு பிரபலங்களும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா எழவு விழுந்த வீடு மாதிரி இது என்ன உட்காரல்?" என்று கேட்டாள். மறுவாரமே ஆட்டம் மூன்றாவது மாடிக்கு ஏறிவிட்டது. அவள் ஒருநாளும் பின்னால் ஏறிப் பார்க்கவில்லை.

அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது, அதை அவள் மறைத்ததும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஊட்டி ஷூட்டிங், ஹைதராபாத் ஷூட்டிங் என்று பெட்டியும் கையுமாக அலைந்த மனுஷன், வந்தாலும் தன் சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்து, அவள் தூங்குவதாக நினைத்துப் பூனை நடை நடந்து படுத்துக்கொண்ட மனுஷன், ஒருவழியாக வாய்ப்புகள் குறைந்து வீட்டில் இருக்கத் தொடங்கிய வயதில், இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் மாடியில் கொண்டுபோய்க் கொட்டினால் எந்தப் பெண்ணுக்குத்தான் கோபம் வராது?

செய்தியை ஷரீப்தான் கீழே கொண்டுவந்தார். "அண்ணி, அண்ணன் மேல வந்திருக்காரு" என்றார். புனிதவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்தாள், இரண்டு மாடி ஏறினாள், மூச்சு வாங்க அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தாள், தலையில் கை வைக்கத் தெரியாமல், "என்னங்க?" என்றாள்.

"யாரும்மா நீங்க? சத்திரத்து அம்மாவா?" என்றது அவள் புருஷனின் குரல். "பரிசல் துறைக்கு இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?"

கதை சொல்பவரான நிலவரசு, அங்கே ஒரு சத்திரம் இருந்ததாகவும் அதில் ஓர் அம்மா இருந்ததாகவும் அவசரமாகக் கதை கட்டிவிட்டு, புனிதவதியின் கையை எடுத்து அவள் தலையிலேயே வைத்தார். "டீச்சரம்மா, அவர் வஜ்ரவேலு இல்ல. கீரன். வஜ்ரவேலு வரல, அவர் போட்ட வேஷம் மட்டும்தான் வந்திருக்கு" என்றார்.

அப்புறம் கீரனின் தாளை எடுத்துக் கொடுத்தார். ஆட்டத்தில் ஆளுக்கொரு தாள் உண்டு, வேஷத்தின் ஜாதகம் மாதிரி. வஜ்ரவேலுவின் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'பெயர்: கீரன். தொழில்: உப்பு வியாபாரம். சொத்து: பட்டு என்ற கழுதை, உப்பு மூட்டை இரண்டு. பயம்: நாய், இருட்டு, லேட்டாகப் போனால் அவள் முகம். குறிக்கோள்: கொன்றையூரில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேருவது.'

படித்து முடித்த டீச்சரம்மா அந்தத் தாளை மடியில் வைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் அடைப்பு என்று சொல்லி டாக்டர் அவருக்கு உப்பை நிறுத்தினார், அதே மாதத்தில் இந்தத் தாளை அவர் எழுதியிருக்கிறார். வாழைப்பூவில் உப்பு இல்லை, ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிய மனுஷனிடம், "செத்துப்போறதுக்கு ஒரு கல்லு போட்டுக்குங்க" என்று அவள் கத்தியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதைவிடப் பெரிதாக வலித்தது அந்தக் கடைசி வரி. வீட்டிலிருந்து கிளம்பி மாடியேறிப் போய், வீட்டுக்குப் போய்ச் சேருகிற விளையாட்டைப் பதினோரு வருடம் விளையாடியிருக்கிறார், அவள் கீழே தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோகிலம் ஃபிளாட்ஸ் இந்த விஷயத்தை, தண்ணீர் லாரி வராத வாரத்தை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. செயலாளர் சடகோபன், 'வஜ்ரவேலு சாரைக் கேட்க வருகிறவர்கள் ஞாயிறு மூன்று முதல் ஆறுவரை மட்டும் வரவும், செருப்பை இரண்டாவது மாடியிலேயே விடவும்' என்று நோட்டீஸ் ஒட்டினார். திதி கொடுக்க வந்த வாத்தியார் விவரம் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் தவிர்த்து நாள் குறித்துக் கொடுத்தார். பாதியில் நின்ற படத்துக்கு இரண்டு காட்சிகள் டப்பிங் பாக்கி என்று தயாரிப்பாளர் ஒருவர் ஓடி வந்தார். 'அவள் என் கையில் சிக்காமல் போகமாட்டாள்' என்ற வசனத்தை நிலவரசு கதைக்குள் நைஸாக நுழைத்துப் பார்த்தார், கீரனோ "அப்படியெல்லாம் பேசக்கூடாதுங்க, பாவம்" என்று மறுத்துவிட்டான். டிவிக்காரர்கள் மைக் வைத்துப் பதிவு செய்தார்கள், போட்டுக் கேட்டால் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது, அதோடு அவர்கள் வருவதில்லை.

திருவண்ணாமலையிலிருந்து ரசிகர் மன்றத்தார் வேன் வைத்துக்கொண்டு ஆளுயர மாலையோடு வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தியேட்டர் அதிரும் அந்தச் சிரிப்பு. கிடைத்ததோ, தூரத்தில் நாய் குரைத்தால் கழுதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு கை உப்பு அள்ளிக் கொடுக்கிற ஒரு பயந்தாங்கொள்ளி. முகம் தொங்கிப் போனார்கள். ஆனால் அடுத்த மாதமே, வேன் நிறையப் புளியோதரையோடு மறுபடி வந்து, "எங்க தலைவருக்கு உள்ளுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருந்திருக்காரு, எங்களுக்குத்தான் தெரியல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

புனிதவதி ஒரு ஞாயிறு தவறவில்லை. ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்காருவாள், அது வலித்தால் மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வாள், மூன்று மணி நேரமும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ராத்தங்கல் போடும் இடத்திலெல்லாம் கீரன் தன் பெண்டாட்டியைப் பற்றித்தான் பேசினான். அவளுக்கு வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தலைகீழாகத் தெரியும் என்றான். அவள் கோபப்பட்டால் மூக்கு நுனி மட்டும் சிவக்கும் என்றான். "நான் லேட்டா வர்றப்போல்லாம் அவ முழிச்சுக்கிட்டுதான் இருப்பா, தூங்கற மாதிரி படுத்திருப்பா. எனக்குத் தெரியும். ஆனா கேக்க தைரியம் வந்ததில்ல" என்றான். அதைக் கேட்ட அன்று டீச்சரம்மா ஆறு மணிக்கு மேலும் தலையிலிருந்து கையை எடுக்காமலே படியிறங்கிப் போனாள்.

நாலாவது மாதத்தில் நிலவரசு தலையில் கை வைத்துக்கொண்டு அந்த விஷயத்தைச் சொன்னார். கொன்றையூருக்கு இன்னும் இரண்டு நாள் நடைதான் பாக்கி.

"போய்ச் சேர்ந்தா?"

"குறிக்கோள் முடிஞ்சா வேஷமும் முடிஞ்சதுன்னு அர்த்தம், டீச்சரம்மா. அதுக்கப்புறம் கீரன் பேசமாட்டான்."

"அப்ப சேர வேணாம்" என்றாள் புனிதவதி, விடைத்தாளில் சிவப்புக் கோடு போடுகிற அதே குரலில்.

நானூறு நாவல்களை நூறு பக்கத்துக்கு இழுக்கத் தெரிந்த மனிதருக்கு இது ஒரு வேலையா? ஆற்றில் வெள்ளம் வந்தது, பரிசல் ஓட்டையானது, சுங்கச்சாவடியில் ஓலை தொலைந்தது. நிலவரசுவின் சரக்கு தீர்ந்தபோது குடியிருப்பு கை கொடுத்தது. இரண்டாவது மாடி கமலவேணி யானைக்கூட்டம் ஒன்றை அனுப்பினாள், சடகோபன் தன் அலுவலக அனுபவத்திலிருந்து ஏழு முத்திரைகள் வாங்க வேண்டிய ஒரு அனுமதிச் சீட்டைக் கொடுத்தார், இஸ்திரிக்காரர் சௌந்தரம் ஊர் முழுக்கத் திருவிழா வைத்து வண்டிப்பாதையை அடைத்தார், ரசிகர் மன்றத்தார் தபாலில் மூன்று மலைகள் அனுப்பினார்கள். டீச்சரம்மாவுக்காக எல்லோரும் செய்தார்கள், அன்போடு செய்தார்கள், ஒரு மனிதனை அவன் வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்க இத்தனை நல்லவர்கள் சேர்ந்து பாடுபட்டது உலகத்தில் அதற்குமுன் நடந்திருக்காது. ஒரு வருடம் போனது. கீரன் நடந்துகொண்டே இருந்தான்.

ஆனால் ஒவ்வொரு வாரமும் அவன் கொஞ்சம் மெதுவாக நடந்தான். முட்டி வலிக்கிறது என்றான். உப்பு மூட்டை மழையில் கரைந்து ஒன்றாகிவிட்டது என்றான். இந்தச் சுமைதாங்கியைப் போன மழைக்காலத்திலும் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று ஒருமுறை சந்தேகப்பட்டான், நிலவரசு வேர்த்து விறுவிறுத்துப் பேச்சை மாற்றினார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, யாருக்கும் தடை எதுவும் தோன்றாமல் போனதால், கழுதை கால் இடறி இரண்டு வாரம் நொண்டட்டும் என்று நிலவரசு முடிவு செய்தார். சின்னத் தடைதான். ஆனாலும் விதி விதிதானே? கீரன் பாதையைப் பார்த்து நடத்துவதாகச் சொன்னான். வஜ்ரவேலுவின் எவர்சில்வர் டம்ளருக்குள் பகடை தானாகக் குலுங்கி, மேஜையில் உருண்டு, ஒன்று என்று நின்றது. இருபது முகத்தில் அதைவிட மோசமான முகம் கிடையாது. பட்டு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனது.

இருநூற்றுப் பதினான்கு படங்களில் ஒருமுறைகூட அழாத குரல், அன்றைக்கு ஆறு மணிவரை அழுதது. படிக்கட்டில் நின்றவர்களும் அழுதார்கள், கழுதைக்கு இடறலைக் கொடுத்த நிலவரசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், குடியிருப்பில் அன்று எந்த வீட்டிலும் அடுப்பு சரியாக எரியவில்லை. அழுது ஓய்ந்ததும் கீரன் யாரிடம் என்றில்லாமல் பேசினான்.

"எனக்கு ஒண்ணு தோணுதுங்க. ஆறு வழி விடல, மலை வழி விடல, ஊரே வழி விடல. இதெல்லாம் தானா நடக்குமா? அவதான் வேண்டிக்கிட்டிருக்கா போல, நான் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு. வாஸ்தவம்தான். நான் என்னைக்கு ஒழுங்கா வீட்டுல இருந்தேன்?"

புனிதவதி தலையில் கை வைத்திருந்தாள். "இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், தலையில் கை இருந்ததால் அது அவன் காதில் விழவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் அந்தக் குரல், வாரத்துக்கு மூன்று மணி நேரம், அவள் உயிரோடு இருக்கும்வரை. இன்னொரு பக்கம், கழுதையும் இல்லாமல், முட்டி வலியோடு, தன்னைப் பெண்டாட்டி வேண்டாமென்று தள்ளிவிட்டாள் என்று நம்பிக்கொண்டு, நடுவழியில் நிற்கிற ஒரு மனுஷன். கணக்கு அவளுக்குத் தெரியாததா? விடை முதல் நாளிலேயே தெரிந்ததுதான், எழுதத்தான் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமைத்தாள். சோறு, வாழைப்பூப் பொரியல், ரசம், சுட்ட அப்பளம். பன்னிரண்டரை வருடத்துக்குப் பிறகு எல்லாவற்றிலும் அளவாக உப்புப் போட்டாள். மூன்று மணிக்கு மாடியேறினாள். படிக்கட்டில் கமலவேணி ஒரு புது வெள்ளத்தை எழுதி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், டீச்சரம்மா அதை வாங்கி நாலாக மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இனிமே தடை வேணாம். அவரைக் கொண்டுவந்து விட்டுடுங்க" என்றாள் நிலவரசிடம், தலையில் கை வைத்துக்கொண்டு.

"நல்லா யோசிச்சீங்களா அக்கா?" என்றார் சுகந்தி.

"யோசிச்சுதான் ஒரு வருஷம் அவரை நடக்க வெச்சேன்."

நிலவரசு நோட்டைத் திறந்தார். வெள்ளம் வடிந்தது என்றார். முத்திரைகள் ஏழும் விழுந்தன என்றார், யானைகள் காட்டுக்குள் திரும்பின என்றார், திருவிழா முடிந்து பந்தல் பிரித்தார்கள் என்றார், மன்றத்தார் அனுப்பிய மூன்று மலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி வழிவிட்டன என்றார். "கீரா, எதிர்ல கொன்றையூர். தெருக்கோடியில உன் வீடு. என்ன செய்யறே?"

அப்புறம் அந்தக் குரல் சொன்னது: "சாவி இருந்தது, வழியில எங்கயோ விழுந்துடுச்சு. கதவைத் தட்டறேன்."

மேஜையில் மூன்று தட்டல் கேட்டது, படிக்கட்டுவரைக்கும் கேட்டது. புனிதவதி தலையிலிருந்து கையை எடுத்தாள். பதினெட்டு மாதத்தில் அவள் அந்த மேஜையில் கையைக் கீழே இறக்கியது அதுதான் முதல்முறை.

"திறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள்.

"நான்தான். லேட்டாயிடுச்சு."

"தெரியும். நான் தூங்கல."

"நாய் கீய் ஏதாவது இருக்கா உள்ள?"

"கட்டிப்போட்டுட்டேன்."

"பட்டு செத்துப்போச்சு" என்றது குரல், ஒரு சின்னப்பிள்ளை மாதிரி.

"கேள்விப்பட்டேங்க. காலைக் கழுவிட்டு வந்து உட்காருங்க."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. சோறு பிசைகிற சத்தமும், அப்பளம் நொறுங்குகிற சத்தமும் எல்லோருக்கும் கேட்டன. பிறகு சத்தம் நின்றது. கீரன் ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது.

"உப்பு..." என்றான்.

"போட்டிருக்கேன். வேணும்னா இன்னும் போட்டுக்குங்க" என்றாள் புனிதவதி. "எவ்வளவு வேணுமோ போட்டுக்குங்க."

அதற்குப் பிறகு அந்த நாற்காலியிலிருந்து பேச்சு வரவில்லை. எவர்சில்வர் டம்ளரில் பகடை அசையவில்லை. ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. முதலில் நிலவரசு நோட்டை மூடிவிட்டுத் தலையில் கை வைத்தார். சுகந்தி வைத்தார். ஷரீப் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஆட்டம் தெரியாத கமலவேணியும் சௌந்தரமும் படிக்கட்டில் இருந்த மற்றவர்களும், அவர்களைப் பார்த்து ஒவ்வொருவராகத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

புனிதவதி மட்டும் வைக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குச் செயலாளர் சடகோபன் மெல்லக் கிட்டே வந்து குனிந்து, "டீச்சரம்மா, முடிஞ்சுதுங்களா? கீழ போகலாமா?" என்று கேட்டார்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் அவள், கையைத் தூக்காமல். "சாப்பிட்டுக்கிட்டிருக்கார்."